முதலில் தண்ணீர், பிறகு மீன்

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. பிறந்தநாளுக்கு வந்த பணத்தில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் ஒரு உருண்டைக் கண்ணாடிக் குடுவையும், அதில் விட ஒரு ஃபைட்டர் மீனும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். சின்னக் குடுவை, படிக்கிற மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம், வேலையும் குறைவு என்று சொல்லி அம்மாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டாயாம். கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் காரணம் தலைகீழ். தொட்டி சிறுக்கச் சிறுக்க வேலை கூடும்.

ஏன் என்று சொல்கிறேன். மீன் தன் உடம்புக் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் வருவது அம்மோனியாதான். அது செவுளையே புண்ணாக்கும். குளத்தில் விட்டால் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மூன்று லிட்டர் குடுவையில் எங்கே போகும்? உங்கள் வீட்டுப் போர் தண்ணீரைப் போலக் காரத்தன்மை கொண்ட நீரில் அதன் நச்சு இன்னும் கூடுதல்.

இந்த அம்மோனியாவைத் தின்றே பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்கவிடாது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை, அளவு மிஞ்சாதவரை, மீன் தாங்கிக்கொள்ளும். செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தண்ணீர் மாற்றும்போது நீ வெளியே ஊற்றிவிடலாம். இந்தக் கூட்டங்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வாங்கிய வாரத்திலேயே மீன் செத்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர் அந்த வாரங்களைக் காத்திராதவர்கள்.

ஆகவே கொளத்தூருக்கு இரண்டு முறை போ. முதல் முறை தொட்டி வாங்க. குடுவை வேண்டாம். கழுத்துவரை நிரப்பிய உருண்டைக் குடுவையில் காற்றுபடும் நீர்ப்பரப்பு ஒரு சாஸர் அளவுதான், ஆக்சிஜன் இறங்குவதோ அந்தப் பரப்பின் வழியாக. ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் குடுவையில் மீன் வளர்ப்பதையே தடை செய்தது. செவ்வகத் தொட்டியாக, உயரத்தைவிட நீளம் கூடியதாகப் பார். 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரம் இருந்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்துக்கொள்: 25 லிட்டர். 20 லிட்டருக்குக் கீழே மீன் வைக்காதே என்பது என் கட்சி. ஐந்து லிட்டர் அலங்காரத் தொட்டிதான் வேண்டுமென்றால் செடி மட்டும் வை, அதுவும் அழகுதான். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் முப்பது கிலோவைத் தாண்டும். உன் மேசை தாங்குமா என்று அப்பாவை ஒருமுறை பார்க்கச் சொல்.

தொட்டியோடு ஒரு ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி, ஆன்டி குளோரின் சொட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கு. மெட்ரோ தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மீனுக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது. சுத்தமானது என்று நினைத்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே. மீனுக்கு வேண்டிய உப்புகளை அது வடிகட்டிவிட்டிருக்கும். ஃபில்டரை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடு. சிரிக்காதே, பாக்டீரியாவுக்கு அதுதான் சோறு. நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் தோழி இருந்தால் அவளுடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடு, நாள் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிகிற அன்றைக்கு இரண்டாவது முறை கொளத்தூர் போகலாம்.

என்ன மீன்? கோல்டு ஃபிஷ்ஷை மறந்துவிடு. கடையில் கட்டைவிரல் அளவு இருக்கிற அது ஒரு சாண் வளரக்கூடியது, பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் வளரும் என்று கடையில் சொல்வார்கள். அப்படிச் சிறுத்துப்போவது கெட்ட நீரில் வளர்ச்சி நின்றுபோவதால். அதைப் பொருத்தம் என்று சொல்வது அநியாயம்.

ஃபைட்டர் என்றால் ஓர் ஆண் மட்டும், தனியாக. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இனம் அது. செவுளோடு, மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு ஒன்றும் அதற்கு உண்டு. அதனால்தான் பிளாஸ்டிக் கவரிலும் டம்ளரிலும் அடைத்து விற்றாலும் உடனே சாகாமல் கிடக்கிறது. சாகாமல் கிடப்பதை வைத்து அதற்கு டம்ளர் போதும் என்று முடிவு கட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். கண்ணாடியைக் காட்டி அதைச் சிலிர்க்கவைத்து வேடிக்கை பார்க்காதே. எதிரி வந்துவிட்டான் என்ற பதற்றத்தில் அது துடுப்பை விரிக்கிறது. துள்ளிக் குதிக்கும் மீன், மூடி கட்டாயம்.

ஃபைட்டர் வேண்டாமென்றால் ஐந்து ஆண் கப்பி வை. ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் மாதம் ஒருமுறை குட்டி போடும். பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது, ஆணின் விந்தை உடம்பில் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், கழிவும் அதற்கேற்ப. உடம்பில் பளபளவென்று சாயக்கோடு தெரியும் கண்ணாடி மீன் கண்ணில் பட்டால் வாங்காதே. நம் நாட்டு ஆறு குளங்களில் உள்ள ஒளி ஊடுருவும் மீன் அது. ஊசியால் சாயம் ஏற்றி விற்கிறார்கள். மீனுக்கு என்ன வலிக்கப்போகிறது என்று யாராவது கேட்டால், 2003-இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ட்ரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்ததைச் சொல்.

வாங்கி வந்த கவரைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைக் கலந்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடு. கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. ஃபைட்டருக்குக் காலையில் இரண்டு மூன்று பெல்லட், மாலையில் அதேபோல, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் மூன்று நாளும் தீனி வேண்டாம். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தால் பாவம் என்று டப்பாவையே கவிழ்த்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்று. அழுக்கேறிய பஞ்சைக் குழாயடியில் கழுவாதே. எடுத்த பழைய நீரிலேயே மெல்லப் பிழி, இல்லாவிட்டால் ஆறு வாரம் வளர்த்ததைக் குளோரின் கொன்றுவிடும்.

சென்னையில் ஹீட்டர் தேவைப்படாது. கத்தரி வெயில்தான் கவலை. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வை. மே மாதத்தில் மூடிக்குப் பதில் வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பில் வீசவிடு. ஐஸ் போடாதே. ஃபைட்டர் அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடிப்பது இயல்பு. கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆபத்து, உடனே டெஸ்ட் செய்து தண்ணீர் மாற்று.

எப்போதாவது வளர்க்க முடியாமல் போனால் கடையில் திருப்பிக் கொடு, அல்லது கேட்கிறவருக்குக் கொடு. ஏரியில் விடுவது புண்ணியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் இன்று நம் ஏரிகளில் பெருகி, வலைபோடுகிறவர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

மேசையின் நீள அகலத்தை அளந்து எழுது. தொட்டி வாங்கும் செலவில் பாதி நான் தருகிறேன். மீன் வாங்கும் பேச்சை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா