திறந்த நிலக்கரி அகழ்வும் நிலமீட்பும்

நிலக்கரி என்றதும் ஆழ்ந்த சுரங்கமும், தலையில் விளக்கணிந்து அதனுள் இறங்கும் தொழிலாளருமே நம் மாணவர் பலரின் மனக்கண்முன் தோன்றும். கரிப்படை மேற்பரப்புக்கு அண்மையிற் கிடக்குமாயின் அம்முறை வேண்டப்படுவதன்று. மேலுள்ள மண்ணையும் பாறையையும் முற்றாக நீக்கிக் கரியை வெயில் வெளிச்சத்திலேயே வெட்டியெடுக்கலாம். மலைநாடுகளிற் சரிவின் போக்கைத் தொடர்ந்து வளைந்து வெட்டுவர். சமவெளியில் நீண்ட கீற்றுகளாக வெட்டிச் செல்வர். பின்னதற்கு நெய்வேலியினும் நல்ல எடுத்துக்காட்டு தமிழ் வழங்கும் நிலத்தில் வேறில்லை.

தென்னாற்காட்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட செய்தியைப் பலரும் அறிவர். 1956 இற் பழுப்பு நிலக்கரிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1957 மே மாதத்திற் பிரதமர் நேரு அகழ்வைத் தொடக்கிவைத்தார். ஆயினும் கரிப்படை கண்ணுக்குப் புலனாயது 1961 இலேயாம். இத்தனை ஆண்டுகள் சென்றது ஏன்? படையின்மேற் கிடந்தது ஏறத்தாழ 50 மீற்றரும் அதற்கு மேலுமான சுமை. அதிலுள்ள கடலூர் மணற்கல், வாளிச்சக்கர அகழ்பொறிகளின் எஃகுப் பற்களை விரைவிலே தேய்த்துவிட்டது. கரிக்குக் கீழேயோ மிகுந்த அமுக்கத்துடன் நிலத்தடி நீர். மேற்பாரம் நீங்கினால் அந்நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு எழும். ஆதலின் வெட்டுவாயைச் சுற்றிக் கிணறுகள் துளைத்து, இரவும் பகலும் நீரிறைத்து, அமுக்கத்தைத் தணித்த பின்னரே கரியைத் தொட முடிந்தது.

இனி நிலமீட்புக்கு வருவோம். கரி தீர்ந்தபின் செய்யும் வேலை அது என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது. முதல் வாளி மண்ணை எங்கே கொட்டுவதென்று முடிவுசெய்யும் வேளையிலேயே அந்நிலத்தின் பிற்காலமும் முடிவாகிவிடுகின்றது.

முதற் கீற்றின் மண்ணுக்குக் குழியில் இடமில்லை. அதை வெளியே மேடாகக் குவித்தல் வேண்டும். இரண்டாங் கீற்றின் மண் முதற் கீற்றின் பள்ளத்தை நிரப்பும். மூன்றாவதன் மண் இரண்டாவதை நிரப்பும். இவ்வாறு செல்கையில் மேலிருந்தது முதலில் விழுந்து அடியிற் புதைய, அடியிலிருந்தது மேலே வந்துவிடும். உழவன் தலைமுறை தலைமுறையாக எருவிட்டுப் பண்படுத்திய மண்ணோ ஒரு சாணிலும் சற்றுக் கூடியதே. அதைத் தனியே வாரி வைத்து இறுதியிற் பரப்பாவிடில் மிஞ்சுவது சேதனப் பொருளற்ற மணலும் களியுமேயாம். கரியை அடுத்த படைகளில் இரும்புக் கந்தகக் கனியம் இருப்பின் தீங்கு இன்னும் பெரிது: காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலத்தைப் பிறப்பிக்கும். கிழக்கு ஜேர்மனியின் இலவுசிற்சுப் பகுதியிற் பழங் குழிகளில் நிரம்பிய ஏரிகள் பலவற்றின் நீர் இக்காரணத்தாற் புளித்துப்போக, சுண்ணாம்பு இட்டுத் திருத்த நேர்ந்தது.

மேற்கே இறைன் நதிப்புறத்தவர் பேறுபெற்றவர்கள். அங்கு வளமான வண்டல் போன்ற இலெசு மண் தடித்த படையாக உண்டு. அதைத் தனியே எடுத்து, இரண்டு மீற்றர் தடிப்பிற் பரப்பி, முதல் மூன்று ஆண்டுகள் ஆழ வேரோடும் லூசேர்ன் என்னும் தீவனப் பயிரையே வளர்ப்பர். அதன் வேர் மண்ணைத் தளர்த்தும். வேர்முடிச்சுகள் நைதரசனை ஊட்டும். தானியப் பயிர் அதன் பின்னரே. கனத்த பொறிகள் ஓடி இறுகிய நிலத்தில் எப்பசளை இட்டும் பயனில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தார்கள்.

நெய்வேலிக்கு அத்தகைய மண் வாய்க்கவில்லை. அங்கு நிரப்பிய குழிகளின்மேல் மரம் நட்டும், தொழுவுரமும் பசுந்தாட் பசளையும் இட்டு நெல் விளைத்தும் பார்த்துள்ளனர். பச்சை காண்பது அரிதன்று. முன்னைய வயலுக்கு ஈடான வயலைக் காண்பதே அரிது. மேலும், இறுதிக் கீற்றை நிரப்ப மண் எஞ்சாது. முதற் கீற்றின் மண் எங்கோ மேடாகிக் காடு பற்றியிருக்கும். ஆகையால் எவ்வளவு திறமையாகச் செய்யினும் ஒரு பள்ளம் மிஞ்சியே தீரும். இலவுசிற்சில் செம்ரன்பேர்க்கு நகரத்தார் அத்தகைய குழியொன்றில் 1967 முதல் நீர் நிரப்பி, 1973 இல் நீராடுதுறையாகத் திறந்தார்கள்.

அமெரிக்காவில் 1977 ஆம் ஆண்டுச் சட்டம், அகழ்ந்தவனே நிலத்தை ஏறத்தாழ முன்னைய வடிவுக்குக் கொணர்தல் வேண்டுமென விதித்தது. வடிவு மீண்டாலும், பெயர்ந்த குடி மீண்டும் அந்நிலத்துக்கு வருமா என்பதைச் சட்டங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. 2023 சூலையில், நெய்வேலியின் இரண்டாஞ் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாயை வளையமாதேவியில் வெட்டியபோது, முன்னரே கையகப்படுத்தப்பட்ட அந்நிலத்தில் நெற்பயிர் நின்றது. பொறிகள் பயிரின்மீதே இறங்கின. அப்பயிருக்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் பின்னர்ப் பணித்தது.