விலாவுக்குக் கீழே வலிக்கிறதா?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் ரேஷன் விண்ணப்பமோ, மாத்திரை அட்டையோ, எதுவானாலும் "படிச்ச பையன் பார்த்துச் சொல்லு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படிப்பட்ட நான் 2024 ஆடி மாதம் அரசு மருத்துவமனையில் பதில் தெரியாமல் நின்றேன்.

என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். நெஞ்சுக்குழிக்குக் கீழே இரண்டு வருஷமாக அவருக்கு வலி வந்து வந்து போகும். "ஒண்ணுமில்லப்பா, வாயுதான்" என்று சோடா குடிப்பார். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார்.

"வலி எந்த இடத்தில்? எப்போ வருது? என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று டாக்டர் கேட்டார். "தெரியலை சார்" என்றேன். எண்டாஸ்கோப்பி செய்ததில் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. வலிக்குப் போட்ட மாத்திரையே வயிற்றைப் புண்ணாக்கி இருந்தது!

அதன்பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. நடுவில், எரிச்சலோடு வலித்தால்: இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். வலி மாத்திரை ஒரு காரணம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இன்னொன்று. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

2. வலது பக்கம், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ ஏறினால்: பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஸ்கேனில் தெரியும்.

3. நடுவில் கடுமையாக வலித்து முதுகுவரை ஊடுருவினால்: கணையம். குடிப்பழக்கம் இதற்கு முக்கியக் காரணம்.

4. பக்கவாட்டில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கினால்: சிறுநீரகக் கல்.

5. தொட்டால், இருமினால், திரும்பினால் வலித்தால்: பெரும்பாலும் தசைப்பிடிப்பு.

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மஞ்சள் காமாலை, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. வியர்த்துக்கொட்டி மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்தப் பட்டியலை வைத்து நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. டாக்டரிடம் சரியாகச் சொல்லத்தான் இது.

எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்லித் தருவது என்ன? ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் தடித்த கம்பியைப் போட்டு முறுக்காதே, ஃபால்ட் எங்கே என்று பார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு வருஷம் தடித்த கம்பிதான் போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா இப்போது நலமாக வேலைக்குப் போகிறார். அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. வலி வந்த நாள், இடம், சாப்பிட்டது, போட்ட மாத்திரை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். காலை டிபனை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடும் நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பா அம்மாவிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படித்த பிள்ளை நீங்கள்தான்!