ஒரே ஒரு ஓட்டு: 1868-ல் தப்பித்த அமெரிக்க அதிபர்

போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல் மெஸ்ல ஒரு வாக்குவாதம். க்விஸ் போட்டிக்குத் தயாராகிட்டிருந்த நண்பன் ஒருத்தன், "இதுவரைக்கும் எத்தனை அமெரிக்க அதிபர்களை இம்பீச்மென்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க?"ன்னு கேட்டான். ஒருத்தன் மூணு என்றான். இன்னொருத்தன் நிக்சனையும் சேர்த்து நாலு என்றான். சாம்பார் ஆறிப்போகும் வரை சண்டை ஓடியது. சரியான விடை பூஜ்யம்.

குழப்பத்துக்குக் காரணம் பாதி நம்ம மொழிபெயர்ப்புதான். இம்பீச்மென்ட் என்றதும் நாளிதழ்கள் "பதவி நீக்கத் தீர்மானம்" என்று போடுகின்றன. படிக்கிறவருக்கு, அது நிறைவேறிவிட்டால் ஆள் காலி என்றுதான் தோன்றும். உண்மையில் இம்பீச்மென்ட் என்பது குற்றச்சாட்டு மட்டுமே. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்வது பிரதிநிதிகள் சபை; அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். பிறகு வழக்கு செனட் சபைக்குப் போகும். அங்கேதான் விசாரணை, அங்கேதான் தீர்ப்பு. பதவியைப் பறிக்க வேண்டுமானால் வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் "குற்றவாளி" என்று சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-லும், பில் கிளிண்டன் 1998-லும், டொனால்ட் டிரம்ப் 2019, 2021 என இரண்டு முறையும் முதல் கதவைத் தாண்டினார்கள். இரண்டாவது கதவில் எல்லோரும் தப்பித்தார்கள். நிக்சன் கதை வேறு. பிரதிநிதிகள் சபை முழுதாகக் கூடி வாக்களிப்பதற்கு முன்பே, 1974 ஆகஸ்ட் 9 அன்று அவரே ராஜினாமா செய்துவிட்டார்.

இந்த மூன்றில் இரண்டு என்ற அளவு நமக்குப் புரியாத விஷயம் இல்லை. பாய்லரில் சேஃப்டி வால்வ் இருக்கிறதே, அதன் செட் பிரஷரை ரொம்பக் குறைத்து வைத்தால் தொட்டதுக்கெல்லாம் திறந்துகொண்டு நீராவியை வீணாக்கும். ரொம்ப ஏற்றி வைத்தால் பாய்லரே வெடித்த பிறகுதான் திறக்கும். 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதியவர்களுக்கும் இதே கவலை இருந்தது. எந்தக் காரணத்துக்காக அதிபரை நீக்கலாம் என்ற பட்டியலில் தேசத்துரோகம், லஞ்சம் இரண்டும்தான் இருந்தன. ஜார்ஜ் மேசன் "மோசமான நிர்வாகம்" என்பதையும் சேர்க்கச் சொன்னார். ஜேம்ஸ் மேடிசன் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தளர்வான சொல்லைப் போட்டால், செனட்டுக்குப் பிடிக்கும் வரைக்கும்தான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்று ஆகிவிடும் என்றார். அதற்குப் பதிலாக வந்ததுதான் "பிற பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்" என்ற வாசகம். அதுவும் தளர்வுதான் என்பது என் எண்ணம். எவ்வளவு தளர்வு என்பது 81 வருஷம் கழித்துத் தெரிந்தது.

லிங்கன் 1865 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். டென்னஸி மாநிலத்துக்காரர், தையல் தொழிலாளி, பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். தன் மாநிலம் பிரிந்து போனபோதும் ஒன்றியத்தோடு நின்றவர் என்பதால்தான் லிங்கன் அணியில் இடம் கிடைத்தது. உள்நாட்டுப் போர் முடிந்து சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டிருந்த நேரம் அது. ஜான்சனோ தோற்றுப்போன தெற்கு மாநிலத் தலைவர்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். அந்த மாநிலங்கள், விடுதலையானவர்களை மறுபடி கட்டிப்போடும் சட்டங்களை வரிசையாகப் போட்டன. 1866-ல் மெம்பிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற, ஜான்சன் வீட்டோ போட்டார். நாடாளுமன்றம் அந்த வீட்டோவையே முறியடித்து மறுபடி நிறைவேற்றியது.

இவரைத் தூக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியில் பலர் துடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் மோசமான அதிபர் என்பது குற்றம் ஆகாதே! 1867 டிசம்பரில் முதல் முயற்சி பிரதிநிதிகள் சபையிலேயே 57-க்கு 108 என்று தோற்றது. கையில் பிடிக்க ஒரு "குற்றம்" தேவைப்பட்டது.

அதற்கான பொறி அதே ஆண்டு மார்ச்சிலேயே தயாராக இருந்தது. பதவிக்காலச் சட்டம் என்று ஒன்று. அதையும் வீட்டோவைத் தாண்டித்தான் நிறைவேற்றியிருந்தார்கள். செனட் ஒப்புதலோடு நியமிக்கப்பட்டவரை, செனட் ஒப்புதல் இல்லாமல் அதிபர் நீக்கக்கூடாது. மீறினால் அது "பெரும் முறைகேடு". அரசியல் சாசனத்தில் உள்ள சொல்லையே எடுத்துச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா?

தெரிந்தே அதில் கால் வைத்தார் ஜான்சன். தனக்கு ஒத்துவராத போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டனை 1868 பிப்ரவரி 21 அன்று நீக்கிவிட்டு, லொரென்சோ தாமஸ் என்ற தளபதியைப் பொறுப்பேற்கச் சொன்னார். ஸ்டான்டன் போகவில்லை. அலுவலகத்தை உள்ளே பூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை, சட்டத்தை மீறியதாகத் தாமஸையே கைது செய்தார்கள். ஜாமீனில் வந்தவர் நேராக ஸ்டான்டனிடம் போய், காலையில் வாயில் எதுவும் படுவதற்குள் பிடித்துவிட்டார்கள் என்று புலம்ப, ஸ்டான்டன் விஸ்கி வரவழைத்தாராம். இருவரும் சேர்ந்தே குடித்தார்கள். அதிகாரப் பிரிவினை பற்றிய பாடப்புத்தகத்தில் இந்தக் காட்சி இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருப்பேன்.

மூன்று நாளில், பிப்ரவரி 24 அன்று, 126-க்கு 47 என்று குற்றச்சாட்டு நிறைவேறியது. மொத்தம் 11 பிரிவுகள். செனட்டில் தலைமை நீதிபதி சாமன் சேஸ் தலைமையில் விசாரணை. பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் அச்சடிக்கும் அளவுக்குக் கூட்டம்.

ஜான்சனின் வக்கீல்கள் சட்டத்தை வரி வரியாகப் பிரித்தார்கள். அமைச்சருக்குப் பாதுகாப்பு, அவரை நியமித்த அதிபரின் பதவிக்காலமும் அதற்குப் பிறகு ஒரு மாதமும்தான் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஸ்டான்டனை நியமித்தது லிங்கன். அப்படியானால் இந்தச் சட்டம் ஸ்டான்டனுக்குப் பொருந்துமா? நல்ல கேள்வி. இன்னொரு சிக்கலும் இருந்தது. துணை அதிபர் பதவி காலியாக இருந்ததால், ஜான்சன் போனால் அடுத்த அதிபர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரே செனட்டராக உட்கார்ந்து தீர்ப்பும் சொன்னார். உங்கள் வைவாவில் ஃபெயில் போட்டால் உங்கள் சீட் தனக்கே கிடைக்கும் என்ற நிலையில் எக்ஸாமினர் இருந்தால் எப்படி இருக்கும்?

அன்றைக்கு செனட்டர்கள் 54 பேர். தேவை 36. மே 16 அன்று, ஜெயிக்க அதிக வாய்ப்புள்ளது என்று நினைத்த 11-வது பிரிவை முதலில் எடுத்தார்கள். சில நாள் முன்பு பக்கவாதம் வந்த ஜேம்ஸ் கிரைம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்தே வாக்களிக்கலாம் என்று சேஸ் சொல்லியும், அவர் எழுந்து நின்று "குற்றவாளி அல்ல" என்றார். கான்சஸ் மாநிலத்தின் எட்மண்ட் ராஸ் என்ன சொல்வார் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவரும் "குற்றவாளி அல்ல" என்றார். 35-க்கு 19. ஒரு ஓட்டு குறைவு. பத்து நாள் ஒத்திவைத்து இரண்டாவது, மூன்றாவது பிரிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அதே 35, அதே 19. மீதி எட்டுப் பிரிவுகள் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஸ்டான்டன் அன்றைக்குத்தான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தார்.

சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஏழு பேர். அவர்களில் ராஸை மட்டும் பெரிய ஹீரோவாக்கிப் பின்னாளில் நிறைய எழுதினார்கள். ஜான் கென்னடியின் புத்தகமும் அதில் ஒன்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ராஸ் பிறகு ஜான்சனிடம் தன் ஆட்களுக்குப் பதவி கேட்டுப் போனவர். லஞ்சம் என்ற பேச்சும் எழுந்தது, ஆனால் நிரூபணமாகவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சட்டப்படி பார்த்தால் அந்த ஏழு பேர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 36 பேர் கைதூக்கியிருந்தால், நாடாளுமன்றத்தோடு ஒத்துப்போகாத எந்த அதிபரையும் நீக்கலாம் என்று வழக்கமாகியிருக்கும், மேடிசன் பயந்த மாதிரியே. ஆனால் தெற்கில் ஒரு பருத்திக் காட்டில் விடுதலையான ஒருவருக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? அவருடைய பாதுகாப்புக்குக் குறுக்கே நின்றவர்தான் நாற்காலியில் நீடித்தார். ஜான்சன்மேல் இருந்த நிஜமான கோபம் ஒன்று, எழுதப்பட்ட குற்றச்சாட்டு இன்னொன்று. நிஜமான கோபத்தைக் குற்றச்சாட்டாக எழுத சாசனத்தில் இடம் இருந்ததா என்பதற்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடலாம்.

வழக்கு முழுசாக வீணும் இல்லை. விசாரணை நடக்கும்போதே ஜான்சன் இறங்கிவந்து, மிதவாதிகள் ஏற்கக்கூடிய ஸ்கோஃபீல்டைப் போர்த்துறைக்கு முன்மொழிந்தார். பொறியாக வைத்த பதவிக்காலச் சட்டம் 1887-ல் ரத்தானது. 1926-ல் வேறொரு வழக்கில், அது சாசனப்படி செல்லாத சட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட், முன்னாள் அதிபர்!

ஜான்சன்? 1875-ல் டென்னஸி அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. தன்மேல் விசாரணை நடந்த அதே செனட்டுக்குள் உறுப்பினராக நுழைந்தார். "குற்றவாளி" என்று சொன்னவர்களில் சிலர் அப்போதும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.