பச்சிலைப்பள்ளியின் எல்லைகள்

யாழ்ப்பாணக் குடாநாடு தென்கிழக்கே ஒடுங்கி, ஆனையிறவில் வன்னிப் பெருநிலத்தை எட்டுமிடத்தே உள்ளது பச்சிலைப்பள்ளி. அதன் நடுவூர் பளை. தென்னந்தோட்டங்கள் சூழ்ந்த இச்சிற்றூர் யாழ்ப்பாணத்ததா, வன்னியினதா என நம்மை வினவுவோர்க்கு, "எவ்வாண்டில்?" என யாம் திருப்பி வினவவேண்டியுளது.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வகுத்த கோயிற்பற்றுக்களைப் பெரும்பாலும் அவ்வாறே கொண்டனர். வலிகாமத்தில் 14, தென்மராட்சியில் 5, வடமராட்சியில் 3, பச்சிலைப்பள்ளியில் 4. இந்நான்கனுள் புலோப்பளை, முகமாலை, தம்பகாமம் என்பன இன்றும் வழங்கும் பெயர்கள். கோயிற்பற்று என்றதும் வழிபாட்டை மாத்திரம் நினைத்தல் பொருந்தாது. தேவாலயத்தை அடுத்தே பள்ளிக்கூடம் இருந்தது. குடிகளும் காணிகளும் தோம்பிற் பதியப்பட்டதும் அப்பற்றின் வழியேயாம். சைவக்குடிகளும் உரிமைகருதி அவ்வேடுகளிற் பெயர்கொடுத்தமை நாம் அறிந்ததே. அந்நாளைய எல்லை ஆனையிறவுப் பக்கம். ஒல்லாந்தர் காவற்கோட்டைகளும் ஆங்கே நின்றன.

1984 இல் கிளிநொச்சி தனிமாவட்டமாயிற்று. பச்சிலைப்பள்ளி அதனுடன் சேர, எல்லை வடமேற்கே நகர்ந்து எழுதுமட்டுவாளுக்கும் முகமாலைக்கும் இடையில் வந்தது. நீரேரி இருந்தவிடத்திலேயே இருக்கின்றது.

எனினும், எல்லாக் கோடுகளும் உடன் பெயர்ந்தில. பளையார் கச்சேரி அலுவலுக்குக் கிளிநொச்சி செல்வர். பாராளுமன்றத் தேர்தலிலோ அவர்தம் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற் சேரும். கத்தோலிக்க மேற்றிராசனம் 1981 இற் பிரிக்கப்பட்டபோது மன்னாரும் வவுனியாவும் புதிய மன்னார் மேற்றிராசனமாயின; பளை யாழ்ப்பாணத்தோடே நின்றது, இன்றும் நிற்கின்றது.

பின்னர் எந்த வர்த்தமானியிலும் வெளிவராத வேறோர் எல்லை தோன்றியது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவும் பளையும் விடுதலைப் புலிகள் வசமாயின. அதன்பின், 2009 சனவரிவரை முகமாலை இருபடைகளின் முன்னரங்காயிருந்தது. 2002 இல் திறக்கப்பட்ட பாதை 2006 ஆகத்தில் மீண்டும் அடைபட்டது. முன்னைய கோடுகள் ஏட்டில் மாவட்டத்தின் பெயரை மாற்றின. இதுவோ குடிகளை ஊரைவிட்டே எழுப்பியது. கண்ணிவெடி அகற்றும் வேலை போர் ஓய்ந்தபின்னும் பல்லாண்டு நீண்டமையால், உறுதி கையிலிருந்தும் தம் காணியிற் கால்வைக்க இயலாதார் இருந்தனர். புகையிரதம் 2014 மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது.

ஊர்வரலாறு எழுதப் புகும் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஒல்லாந்தர் தோம்பிற் தேடுங்கால் கோயிற்பற்றின் பெயரால் தேடுக. 1984 இற்கு முந்திய பத்திரமொன்றில் "பளை, யாழ்ப்பாண மாவட்டம்" எனக் காணின் அதனைத் திருத்தற்க. ஆண்டைக் குறித்து, உள்ளவாறே பெயர்த்தெழுதுக.