நாழி அரிசியும் நாட்கணக்கும்

நோன்பு நோற்பதும் உண்டியைக் குறைப்பதும் நம் மக்களுக்குப் புதியன அல்ல. மண்டல காலத்து 41 நாள், தவக்காலத்து 40 நாள், ரமலான் திங்கள் முழுவதும் என்று, தேவிகுளம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏதேனும் ஒரு வீட்டில் ஏதேனும் ஒரு நோன்பு நடைபெற்றே வரும். அண்மைக் காலத்தில் இவற்றோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. அதற்குத் தெய்வமும் இல்லை; திருநாளும் இல்லை. விடுமுறையில் கடற்கரைக்குப் புறப்படும் நாளே அதன் முடிவு நாள்.

தேவிகுளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கொச்சியில் தொடங்கி மூணாறு, தேவிகுளம், போடிநாயக்கனூர், மதுரை வழியே கிழக்குக் கரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. ஆகவே இம்மலையில் நிற்பவர்க்கு மேற்கே இறங்கினாலும் கடல், கிழக்கே இறங்கினாலும் கடல். ஆயினும் தோட்டத்துக் குடும்பம் ஒன்று கடலைக் காண்பது எளிதில் வாய்ப்பதன்று. கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக்கோ செராய்க் கடற்கரைக்கோ போவதென்று முடிவு செய்துவிட்டால், அன்று முதலே வீட்டில் ஒரு பரபரப்புத் தோன்றும். இளையோர் நாள்காட்டியில் கோடிடத் தொடங்குவர். இன்னும் 30 நாள், இன்னும் 29 நாள். கடலருகே எடுக்கும் புகைப்படத்தில் வயிறு தெரியலாகாது. முகம் மெலிந்து தோன்ற வேண்டும். ஆகவே காலை உணவு நின்றது. இரவுச் சோறும் நின்றது.

ஆனால் மலைநாட்டின் மாலை நேரம் இந்நோன்பிற்கு நண்பன் அன்று. வெயில் சாயுமுன்பே மூடுபனி இறங்கிவிடும். தேநீர்க் கடையின் எண்ணெய்ச் சட்டியில் பழம்பொரியும் பருப்பு வடையும் மிதக்கும். மூணாற்றுக் கடைத்தெருவிற்குச் சென்றால் வீட்டுத் தயாரிப்பென்று சாக்லேட்டுகளை அடுக்கி வைத்திருப்பர். காலையில் விட்ட உணவை மாலையில் மனம் வட்டியோடு கேட்கும். கேட்டதைக் கொடுத்தால் அன்றிரவு வருத்தம். கொடாவிடில் அன்றிரவு கனவிலும் பழம்பொரி. இவ்வாறு ஒரு திங்கள் போராடிக் கடற்கரையை அடைந்தவர், புகைப்படம் எடுத்து முடிந்த அந்த நாழிகையே பொரித்த மீனையும் பரோட்டாவையும் நாடிச் செல்வதில் வியப்பில்லை. நாட்களை எண்ணியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். உள்ளிருந்த வேட்கையும் அதே நாள்காட்டியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தது.

முடிவு நாள் குறித்து வைத்து உண்டியைக் குறைத்தால் வேட்கை குறையுமா, அல்லது காத்திருந்து வளருமா? இவ்வினாவே இப்பாடத்தின் பொருள்.

தமிழில் எழுந்த பௌத்தப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையில் இதற்குப் பொருந்திய கதை ஒன்று உண்டு. விருச்சிகன் என்னும் முனிவன் பன்னீராண்டுக்கு ஒருமுறையே உண்பவன். பன்னீராண்டுக்கு ஒருமுறை கனியும் ஒரு நாவற்கனியே அவன் உணவு. அக்கனியைத் தேக்கிலையில் வைத்துவிட்டு அவன் நீராடச் சென்றான். பொதிய மலையைக் காண வந்த விஞ்சையர் மகள் காயசண்டிகை, அறியாது அதனைக் காலால் சிதைத்துவிட்டாள். திரும்பி வந்த முனிவன், அடுத்த கனி கிடைத்துத் தான் உண்ணும் வரை அவளும் யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்துமாறு சபித்தான். பின்னர் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அளித்த உணவால் அப்பசி தணிந்தது என்பது காப்பியம் கூறும் செய்தி.

இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் காயசண்டிகையின் பசியையே நினைவிற் கொள்வர். நாம் ஒரு கணம் முனிவனை நோக்குவோம். பன்னீராண்டு உண்ணாதிருந்தவன் ஒரு கனி சிதைந்ததற்குப் பொறுக்கவில்லை. அவன் அடக்கமெல்லாம் அந்த ஒரு கனியின்மேல், அந்த ஒரு நாளின்மேல் நின்றது. கனி நசுங்கியதும் அடக்கமும் நசுங்கியது. சாத்தனார் முனிவனை வெளிப்படையாக இகழ்ந்தாரல்லர். ஆயினும் உண்ணாமை வேறு, அவா அறுதல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கதையை யாம் அறியோம். பொதிய மலையும் தேவிகுளமும் ஒரே மேற்கு மலைத்தொடரைச் சார்ந்தவை என்பதும் நினைக்கத்தக்கது.

பசி என்பதும் வேட்கை என்பதும் ஒன்றல்ல. பன்னிரு நிதானங்களை மணிமேகலை அடுக்கிக் கூறுமிடத்து, நுகர்வினால் வேட்கையும் வேட்கையினால் பற்றும் தோன்றும் என்று முறைப்படுத்துகிறது. வாயில், ஊறு, நுகர்வு ஆகியவை முன்னே செல்ல, வேட்கை பின்னே வரும். சட்டியில் எண்ணெய் பொரியும் ஓசை செவியில் பட்டது. மணம் மூக்கை அடைந்தது. இனிது என்னும் நுகர்வு எழுந்தது. இவ்வளவும் குற்றமன்று, பழம்பொரியின் மணம் புத்தர்க்கும் மணமே. அடுத்த கணத்தில் எழும் ‘வேண்டும்’ என்னும் எண்ணமே வேட்கை. பசியோ எனில், வயிற்றின் செய்தி. பசித்தவனுக்குக் கஞ்சியும் போதும். வேட்கையுற்றவனுக்குக் கஞ்சி போதாது, அவன் நினைத்ததே வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இதுவே எளிய சோதனை.

இனி, பசியைக் கடுமையாக ஒடுக்கினால் வேட்கை எவ்வாறு வளரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றைக் காண்போம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-1945 ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடாமையால் மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு உடன்பட்டனர். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடலெடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடல் மெலிந்தது வியப்பன்று. மனத்தில் நேர்ந்ததே வியப்பு. சமையலில் நாட்டமில்லாதிருந்தோரும் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். பேச்செல்லாம் உணவைப் பற்றியதாயிற்று. கட்டுப்பாடு நீங்கிய பின்னர், வயிறு நிரம்பியும் நிறைவு தோன்றாமல் உண்டவர் பலர். கொல்லாமையை மேற்கொண்டு சிறைக்கும் இகழ்ச்சிக்கும் அஞ்சாத உறுதியுடையோர் அவர்கள் என்பதை மறத்தலாகாது. அவர்கட்கே இந்நிலையாயின், உறுதிக்குறைவால்தான் தன் நோன்பு முறிந்தது என்று தோட்டத்துப் பெண்ணொருத்தி தன்னைத்தானே நொந்துகொள்வதில் நியாயம் இல்லை.

2011இல் ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியும் இதற்கு ஒத்தது. பருத்த உடலுடையோர் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து, ஓராண்டு கழித்தும் சோதித்தனர். பசியைத் தூண்டியும் தணித்தும் நிற்கும் சுரப்புகள் அப்பொழுதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்னினும் மிகுந்தே இருந்தது. நாள்காட்டியில் நோன்பு முடிந்துவிடும், உடம்பில் முடிவதில்லை.

போதிசத்துவர் ஆறாண்டு அருந்தவம் இயற்றி, எலும்பும் தோலுமாகி, அதனாற் பயனில்லை எனக் கண்டு சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்ற வரலாறு நேயர்கள் அறிந்ததே. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பிக்குகள் உண்ணுமுன் சிந்திக்கும் முறை ஒன்றைப் பகவான் வகுத்தார். விளையாட்டிற்காக உண்ணுதல் இல்லை, செருக்கிற்காக இல்லை, உடலைக் கொழுமையாக்கவோ அழகுறச் செய்யவோ இல்லை, உடம்பு நிலைத்து அறவாழ்வு நடைபெறுதற்பொருட்டே உண்ணுகிறோம் என்பது அதன் கருத்து. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோஷர் ஒவ்வொன்றிற்கும் உவமை காட்டுகிறார். விளையாட்டிற்கு உண்போர் ஊர்ச் சிறுவர். செருக்கிற்கு உண்போர் மல்லர். கொழுமைக்கு உண்போர் அந்தப்புர மகளிர். பொலிவிற்கு உண்போர் கூத்தர். அழகுக்காக உண்பது இவ்வாறு விலக்கப்பட்டதாயின், அழகுக்காக உண்ணாதிருப்பதும் அதே வகையைச் சார்ந்ததன்றோ? கூத்தன் மேடைக்காக உண்டான். நம் இளைஞன் புகைப்படத்திற்காகப் பட்டினி கிடக்கிறான். இருவர் உணவையும் ஆள்வது பார்ப்பவர் கண்.

இவ்வாறு கூறுவதால் பருத்த உடலைக் குறைத்தல் வேண்டாம் என்பது கருத்தன்று. பெருந்தீனியால் நோயுற்ற ஒருவர்க்குப் பகவானே வழி கூறியதற்குச் சங்யுத்த நிகாயத்தில் சான்று உண்டு. அந்த ஒருவர் கோசல நாட்டு மன்னர் பசேனதி.

மன்னர் ஒரு வேளைக்குத் துரோண அளவு அரிசிச் சோறு உண்பவர். பதினாறு நாழி கொண்டது ஒரு துரோணம் என்பது பழங்கணக்கு. (பாளி மொழியின் ‘நாளி’யும் நம் பாட்டிமார் அரிசி அளந்த நாழியும் ஒரு சொல்லே, மெட்ரிக் அளவை வந்தபின் வீடுகளில் அது மறைந்து வருகிறது.) உண்டு முடித்துப் பெருமூச்சு வாங்கியபடி மன்னர் பகவானைக் காணச் சென்றார். அவர் நிலையைக் கண்ட பகவான், அளவறிந்து விழிப்போடு உண்பவனுக்குத் துன்ப நுகர்ச்சி குறையும், மூப்பும் விரைந்து வாராது என்னும் கருத்துடைய ஒரு காதையைக் கூறினார். மன்னரின் பின்னே சுதர்சனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அக்காதையைப் பாடம் செய்து, தாம் உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு மன்னர் அவனைப் பணித்தார். அதற்கு நாள்தோறும் நூறு காசு அளிப்பதாகவும் கூறினார். நாளடைவில் மன்னர் உணவு ஒரு நாழி அளவில் வந்து நின்றது.

எவ்வாறு குறைந்தது என்பதை உரை விளக்குகிறது. சுதர்சனன் உண்ணத் தொடங்கும்போதும் ஓதவில்லை, நடுவிலும் ஓதவில்லை. மன்னர் கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கும்போது ஓதினான். மன்னர் அக்கவளத்தை விட்டுவிடுவார். அதிலுள்ள பருக்கைகளை எண்ணி, அந்த அளவு அரிசியை மறுவேளை உலையில் குறைப்பர். அடுத்த வேளையும் அவ்வாறே.

இதன் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. முதற் கவளத்தில் பசி பேசும். அங்கே தடுத்தால் உடம்பு பகைக்கும். கடைசிக் கவளத்தில் பசி தீர்ந்திருக்கும். அங்கே பேசுவது பெரும்பாலும் வேட்கையே. தடை அவ்விடத்திலேயே வைக்கப்பட்டது. குறைத்த அளவோ ஒரு கைப்பிடி. அதனை உடம்பு உணராது. எதனை உண்ணலாகாது என்று ஒரு பட்டியலும் இல்லை. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று ஒரு தேதியும் இல்லை. மற்றொன்றும் உண்டு: நினைவூட்டுபவனுக்கு மன்னர் பொருள் கொடுத்தார். நம் வீடுகளிலோ, ‘இது நான்காவது வடை’ என்று நினைவூட்டும் மனைவிக்குக் கிடைப்பது கடுஞ்சொல்.

உபோசத நாளில் இல்லறத்தார் நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பதற்கும் முடிவு நேரம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மை; மறுநாள் விடியலில் அது முடிகிறது. ஆனால் அடுத்த உவாவில் மீண்டும் வருகிறது. அதன் பின்னே பரிசு எதுவும் வைக்கப்படவில்லை; ஆதலால் வேட்கைக்குக் காத்திருக்க ஒரு நாள் இல்லை.

இம்முறையை மலைநாட்டில் கைக்கொள்ள விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். சுதர்சனன் குறைத்தது பதினாறு நாழி உண்டவரின் உணவை. காலை முதல் சரிவில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணின் உணவு அத்தகையதன்று. கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு மழை நனைத்த சரிவில் ஏறுபவளுக்குத் தலை சுற்றினால், விழுவது தேயிலைச் செடிமேல் மட்டும் என்பதற்கு உறுதி இல்லை. இரத்தக் குறைவுடையோர், கருவுற்றோர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் உணவைக் குறைத்தலே கூடாது. நீரிழிவிற்கு மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையையும் விடலாகாது. அவர்கட்கு அளவறிதல் என்பது போதிய அளவு உண்பதேயாகும். அளவு என்னும் சொல் குறைவை மட்டும் குறிப்பதன்று.

அமர்ந்து தொழில் செய்வோரும், கடையில் இருப்போரும், உண்டபின் பெருமூச்சு வாங்குவோரும் சுதர்சனன் முறையை இன்றே தொடங்கலாம். மூன்று வேளையும் உண்க. சாரிபுத்திர தேரர் கூறியவாறு, வயிறு நிரம்புதற்கு நான்கைந்து கவளம் முன்னரே நிறுத்தி நீர் பருகுவது இதற்குத் துணை செய்யும். விட்ட கவளத்தின் அளவை மறுநாள் உலையில் குறைக்க. மாலையில் பழம்பொரி வேண்டும் எனத் தோன்றினால், ‘கஞ்சி இருந்தால் குடிப்பேனா’ என்று தன்னையே கேட்க. குடிப்பேன் என்றால் பசி. வீட்டிற்குச் சென்று உண்க. மாட்டேன் என்றால் வேட்கை. அது எழுந்ததையும் சற்று நின்றதையும் தணிந்ததையும் பார்த்திருக்க. தணியாமல் ஒன்றை உண்டுவிட்டால், உண்டதை நோன்பு முறிந்ததாகக் கருதி மேலும் மூன்றை உண்ண வேண்டுவதில்லை. முறிவதற்கு இங்கே நோன்பு எதுவும் இல்லை.

கன்னியாகுமரிக்குப் புறப்படும் நாளில் புளிச்சோறு கட்டும்போதும், வீட்டில் குறைத்து வந்த அந்த ஒரு பிடியை மட்டும் குறைத்துக் கட்டுக. கடற்காற்றில் பசி மிகுந்தால் அங்கே உண்ணலாம். ஊர் திரும்பிய மறுநாள் உலையில் அதே அளவு அரிசி இடுக.