நிவாரணப் பணியில் கணிப்பொறி: ஓர் ஆய்வு

பசித்தோர்க்கு உணவும் வீடிழந்தோர்க்குக் கூரையும் அளிப்பதே மனிதநேய உதவி என நாம் எண்ணி வந்தோம். இன்று அவ்வுதவியின் பெரும்பகுதி கணிப்பொறி வழியே நடைபெறுகின்றது. இம்மாற்றம் உதவி பெறுவோர்க்கு என்ன செய்துள்ளது என்பதை ஈண்டு நோக்குவோம்.

சிரியப் போரில் இடம்பெயர்ந்தோர்க்கென ஜோர்டானில் 2012ஆம் ஆண்டு ஸஅத்தரி முகாம் அமைக்கப்பட்டது. 2016இல் அங்குள்ள அங்காடியில் புதுமுறை ஒன்று புகுந்தது. பொருள் வாங்குவோர் பணமோ அட்டையோ நீட்ட வேண்டியதில்லை. கருவியொன்றைக் கண்ணால் நோக்கினால் போதும். அவர்தம் கருவிழிப் பதிவு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பதிவேட்டோடு ஒப்பிடப்படும். உலக உணவுத் திட்டம் ஒதுக்கிய தொகையிலிருந்து விலை கழிக்கப்படும். 2017இல் அஸ்ரக் முகாமில் ஏறத்தாழ 10,000 பேருக்குப் 'பிளாக்செயின்' என்னும் பேரேட்டு முறையும் சேர்க்கப்பட்டது. வங்கிகளுக்குச் செலுத்தும் கட்டணம் இதனால் பெரிதும் குறைந்தது. அட்டை தொலையும் அச்சமில்லை; ஒருவர் பங்கை மற்றொருவர் கவர்வதும் அரிது. இந்நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் ஒரு வினா எழுகின்றது. கண்ணைக் காட்ட மறுத்தால் அடுப்பெரியாது என்னும் நிலையில் ஒருவர் தரும் இசைவை உண்மையான இசைவெனக் கொள்ளலாமா? நம்மால் அவ்வாறு கொள்ள இயலவில்லை.

ரோஹிங்கியா மக்களின் அனுபவம் இவ்வையத்தை வலுப்படுத்துகின்றது. 2017இல் மியான்மர் படையினரின் கொடுமைக்கு அஞ்சி ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுடைய கைரேகை, கருவிழி, புகைப்படம் ஆகியவற்றை ஐ.நா. ஆணையமும் அந்நாட்டரசும் இணைந்து பதிவு செய்தன. அகதிகள் பற்றிய விவரங்கள் மியான்மர் அரசுக்கே அளிக்கப்பட்டன என்றும், பலர் அதனை அறியாதிருந்தனர் என்றும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. விளக்கிச் சொல்லி இசைவு பெற்றே பகிர்ந்ததாக ஆணையம் மறுத்தது. எவர் கூற்று சரியாயினும், யாருக்கு அஞ்சி ஓடினார்களோ அவர்கள் கையிலேயே பெயர்ப்பட்டியல் சேர்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

நல்லெண்ணம் மட்டும் பூட்டாகிவிடாது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணிப்பொறிகளுள் அயலார் ஊடுருவியது 2022 சனவரியில் தெரியவந்தது. பிரிந்த குடும்பத்தினரைத் தேடும் பணிக்காகத் திரட்டப்பட்ட, 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. மென்பொருளில் உரிய காலத்தில் அடைக்கப்படாத ஓர் ஓட்டையே வழியாயிற்று!

இதே குழு 2019இல் வகுத்த கொள்கை நம் கவனத்திற்குரியது. உதவி வழங்கும் பணியில் உடற்கூற்றுப் பதிவை நிறுவனம் திரட்டி வைப்பதில்லை. அது பயனாளியின் கையிலுள்ள அட்டையிலேயே இருக்கும். வேண்டாமெனில் அவர் அட்டையைத் திருப்பித் தரலாம். தாமே அழித்தும் விடலாம்.