கெப்போங் காட்டில் ஒரு பகற்பொழுது

காடு என்பது தானே முளைத்துத் தானே வளர்வது என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். கோலாலம்பூருக்கு வடமேற்கே, சிலாங்கூரின் கெப்போங் பகுதியில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகக் காட்டினுள் ஒருமுறை நடந்து வந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். இக்காடு மனிதக் கைகளால் நடப்பெற்றது.

ஈயம் தோண்டியெடுத்துக் கைவிடப்பட்ட பள்ளங்களும், வளமிழந்த காய்கறித் தோட்டங்களுமே முன்னர் இங்கிருந்தன. 1920-களில் வனவியலாளர்கள் இந்நிலத்தில் மரங்களை நடத் தொடங்கினர். 1929-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. கெருயிங், மெராந்தி, காப்பூர் ஆகியவற்றின் விதைகள் ஆண்டுதோறும் கிடைப்பவை அல்ல. அம்மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெருமளவில் பூத்துக் காய்க்கும். விழுந்த விதையும் ரப்பர் விதையைப் போலவே சில வாரங்களுள் முளைக்கும் திறனை இழந்துவிடும். தோட்டத்தில் நாற்றுமேடை போட்டுப் பழகிய நம் மக்கள், அப்பணியின் அருமையை விளக்காமலே உணர்வர். அவ்வாறு உருவான காட்டினை 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது.

இங்கு நடப்பது கடினமன்று. கெருயிங் பாதை போன்ற தடங்களில் முதியோரும் சிறுவரும் நிதானமாகச் செல்லலாம். தனிமையை விரும்புவோர் வார நாளில், காலையிலேயே செல்வது நன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மிகுதி.

காப்பூர் மரங்களின் அடியில் சற்று நேரம் நில்லுங்கள். அண்ணாந்து நோக்கினால், ஒரு மரத்தின் தலை அடுத்ததைத் தொடாமல், இடையிடையே வானம் மெல்லிய ஓடைகளைப் போல் தெரியும். காற்றில் கிளைகள் உரசித் தேய்வதால் இவ்விடைவெளி உண்டாகிறது என்பர் சிலர். அண்டை மரத்தின் நிழலை உணர்ந்து நுனித்தளிர்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பர் வேறு சிலர். ஆய்வு முற்றுப்பெறவில்லை. ரப்பர் நிரைகளில் அன்றாடம் நடப்போர் தம் மரங்களின் தலைகளையும் இனி ஒப்பிட்டுப் பார்க்கலாமே!

கீழே கிடக்கும் காப்பூர் இலை ஒன்றைக் கசக்கி முகருங்கள். கற்பூர மணம் வீசும். மலாய் மொழியில் காப்பூர், நம் மொழியில் கற்பூரம். முற்காலத்தில் பச்சைக் கற்பூரம் இம்மரத்தின் உள்ளிருந்தே எடுக்கப்பட்டது. அதற்குப் பெயர்பெற்ற துறைமுகம் சுமத்திராவின் பாருஸ். அங்கே 1088-ஆம் ஆண்டிலேயே தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டு ஒன்றைப் பொறித்துள்ளனர். இன்று நாம் ஆலயத்தில் ஏற்றும் கற்பூரமோ பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படுவது. பெயரளவிலேனும் உறவு எஞ்சியிருக்கிறது. மரத்தில் உள்ள இலையைப் பறிக்க வேண்டா, உதிர்ந்ததே போதும்.

செல்வோர் குடிநீரும், வழுக்காத காலணியும், மழைச்சட்டையும் கொண்டு செல்க. அட்டை கடித்தால் பதற்றம் வேண்டா. நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். ஓடையில் இறங்கிய பிள்ளைகள்மீது கண் இருக்கட்டும். பிற்பகலில் மலைப்புறம் இருண்டால், நாம் நிற்குமிடத்தில் வெயில் காய்ந்தாலும், உடனே கரையேறிவிட வேண்டும். மேலே பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்து சேரும்.